பெண் இணையரிடையே ஹெர்ப்பிஸ்: பரவும் வழியும் குறைக்கும் வழியும்

இருவருமே பெண்கள் என்றால் பாலியல் தொற்று வராது என்று பலர் நினைக்கின்றனர். கருத்தரிக்கும் பயம் இல்லை, ஆணுறைக்கு வேலை இல்லை, அதனால் மருந்தகத்துக்குப் போகவும் தேவையில்லை என்று அந்த எண்ணம் வளர்கிறது. பாலியல் நலம் பற்றிய துண்டுப் பிரசுரங்கள் பெரும்பாலும் ஆண்-பெண் உறவையோ ஆண்களுக்கிடையிலான உறவையோ மனத்தில் வைத்து எழுதப்படுவதால், பெண் இணையர் தங்களுக்கான தகவலை அவற்றில் தேடிக் கண்டெடுக்க வேண்டியுள்ளது.

ஹெர்ப்பிஸ் விஷயத்தில் இந்த எண்ணம் தவறு. அந்தக் கிருமி பரவ விந்துவோ ரத்தமோ தேவையில்லை. தோலோடு தோல், உதட்டோடு தோல் உரசினாலே போதும். அதே நேரத்தில், பரவும் வாய்ப்பைப் பெருமளவு குறைக்க வழிகள் உண்டு. அதற்கு முதல் படி, இருவரில் யாருக்கு எந்த வகைக் கிருமி உடலின் எந்த இடத்தில் உள்ளது என்று அறிந்துகொள்வது.

இரண்டு வகைக் கிருமிகள்

ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் கிருமியில் எச்எஸ்வி-1, எச்எஸ்வி-2 என இரண்டு வகைகள் உள்ளன. முதல் வகை பெரும்பாலும் உதட்டைச் சுற்றிக் கொப்புளங்களை உண்டாக்கும். இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பு, ஆசனவாய், தொடை, பிட்டம் ஆகிய இடங்களில் வரும். ஆனால் முதல் வகையும் பிறப்புறுப்பில் வரலாம். வாய்வழி உறவே அதற்கு முக்கியக் காரணம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 3.8 பில்லியன் பேருக்கு, அதாவது 64 விழுக்காட்டினருக்கு, எச்எஸ்வி-1 உள்ளது. 15 முதல் 49 வயது வரையிலானவர்களில் ஏறத்தாழ 520 மில்லியன் பேருக்கு, அதாவது 13 விழுக்காட்டினருக்கு, எச்எஸ்வி-2 உள்ளது. இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் கிருமி இருப்பதே தெரியாது. அறிகுறி இல்லாமலோ, பூச்சிக்கடி, சவரக் கீறல் என்று நினைக்கும் அளவுக்கு லேசாகவோதான் பலருக்கு இது இருக்கும்.

ஒருமுறை உடலுக்குள் வந்த கிருமி நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும். உடல் களைப்பு, காய்ச்சல், மாதவிடாய், மன அழுத்தம் போன்ற நேரங்களில் மீண்டும் தோலுக்கு வரும். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்தோ தடுப்பூசியோ இதுவரை இல்லை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லப் புண் வருவது பொதுவாகக் குறையும். பிறப்புறுப்பில் உள்ளது முதல் வகை என்றால் அது திரும்ப வருவது மேலும் குறைவு.

அக்கியும் சூட்டுக் கொப்புளமும்

தமிழில் இந்த நோயைப் பற்றிப் பேசும்போது பெயர்க் குழப்பம் எளிதில் வருகிறது. ‘அக்கி’ என்று நம் வீடுகளில் சொல்வது பெரும்பாலும் ஷிங்கிள்ஸ் என்னும் நோயை. ஊரில் குயவரிடம் சென்று காவிக் குழம்பால் ‘அக்கி எழுதும்’ வழக்கம் அதற்கானதுதான். சின்னம்மையை உண்டாக்கும் கிருமியே பின்னாளில் அக்கியாகத் தலைகாட்டுகிறது. அதுவும் ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் வேறு கிருமி. அது பாலியல் நோய் அன்று. அக்கிக்கான தடுப்பூசி இங்கு நாம் பேசும் ஹெர்ப்பிஸைத் தடுக்காது.

உதட்டோரத்தில் வரும் கொப்புளத்தை ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி விட்டுவிடுவது நம்மிடையே இன்னொரு வழக்கம். காய்ச்சலுக்குப் பின் உதட்டின் ஓரத்தில் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து, உடைந்து, பொருக்குத் தட்டி ஆறினால் அது பெரும்பாலும் எச்எஸ்வி-1. சிறு வயதில் பெரியவர் ஒருவர் கொஞ்சி முத்தமிட்டபோது வந்திருக்கலாம். இளநீரும் மோரும் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அது தானாக ஆறும். ஆனால் ஆறும்வரை பிறருக்குப் பரவும். கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கிலும் அடிக்கடி வரும் சாதாரண வாய்ப்புண் வேறு. அது ஹெர்ப்பிஸ் அன்று, பரவாது.

பெண்களுக்கிடையே எப்படிப் பரவுகிறது?

மூன்று வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, வாயிலிருந்து பிறப்புறுப்புக்கு. ஒருவரின் உதட்டில் உள்ள எச்எஸ்வி-1, வாய்வழி உறவின்போது மற்றவரின் பிறப்புறுப்புக்குச் செல்லலாம். பெண் இணையர் முதலில் கவனிக்க வேண்டிய வழி இதுவே.

இரண்டாவது, பிறப்புறுப்பிலிருந்து பிறப்புறுப்புக்கு, நேரடி உரசல் மூலம். பெண்களுக்கிடையே எச்எஸ்வி-2 பரவுவது ஆணிடமிருந்து பெண்ணுக்குப் பரவும் அளவுக்கு எளிதன்று என்றாலும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் மருத்துவ வழிகாட்டி அது நிகழக்கூடியதே என்று தெளிவாகக் கூறுகிறது.

மூன்றாவது, விரல்கள், பாலுறவுச் சாதனங்கள் வழியாக. ஒருவரின் புண்ணைத் தொட்ட விரலோ சாதனமோ ஈரம் காயுமுன் மற்றவரின் மென்சவ்வில் பட்டால் கிருமி செல்லலாம். உலர்ந்த பரப்பில் இக்கிருமி அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. அதனால் கழிப்பறை இருக்கை, நீச்சல் குளம், துவைத்த துணி ஆகியவற்றால் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒரே அறையில் தங்கியிருக்கும் தோழிகளுக்கும், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தும் குடும்பத்தாருக்கும் ஆபத்தில்லை.

புண் இல்லாத நாளிலும்

புண் இருக்கும்போதுதான் பரவும் என்பது பாதி உண்மை. அப்போது பரவும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியாத நாள்களிலும் தோலிலிருந்து கிருமி வெளியேறுவதுண்டு.

2011ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இதை அளந்து பார்த்தது. எச்எஸ்வி-2 இருந்து, புண் வந்த வரலாறு உள்ளவர்களிடம் 20 விழுக்காட்டு நாள்களில் கிருமி தென்பட்டது. புண்ணே வந்திராதவர்களிடமும் 10 விழுக்காட்டு நாள்களில் தென்பட்டது. பிறப்புறுப்பில் எச்எஸ்வி-1 புதிதாக வந்தவர்களை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டாம் மாதத்தில் 12 விழுக்காட்டு நாள்களாக இருந்தது, 11ஆம் மாதத்தில் 7 விழுக்காடாகக் குறைந்தது. தொற்று வந்த முதல் ஆண்டில் கூடுதல் கவனம் தேவை என்பதற்கு இதுவே காரணம்.

யார் கொடுத்தது?

ஹெர்ப்பிஸ் என்ற சொல்லை மருத்துவர் சொன்னதும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி இது. துரோகம் நடந்துவிட்டது என்ற முடிவுக்கு ஒரு நொடியில் போய்விடுகிறோம்.

தொற்று வந்த 2 முதல் 12 நாள்களுக்குள் முதல் புண் வருவது வழக்கம். ஆனால் பலருக்கு அப்போது எதுவும் தெரியாமல், மாதங்களோ ஆண்டுகளோ கழித்தே முதன்முறையாகப் புண் வெளிப்படும். முந்தைய உறவில், ஒருவேளை முந்தைய திருமணத்தில், வந்த கிருமியாகவும் இருக்கலாம். பிறப்புறுப்பில் எச்எஸ்வி-1 என்றால், இணையின் உதட்டில் சிறு வயது முதல் இருந்த கிருமியே மூலமாக இருக்கலாம். ஆகவே புண் வந்த நாளை வைத்து யார், எப்போது என்று தீர்ப்பு எழுத முடியாது. பழிக்கு அஞ்சி ஒருவர் மறைத்தால், அந்த மௌனத்தில்தான் கிருமி அடுத்தவருக்குச் செல்கிறது.

ஆபத்தைக் குறைக்கும் வழிகள்

கீழே உள்ளவற்றில் எந்த ஒன்றும் தனியாக முழுப் பாதுகாப்பு தராது. சேர்த்துக் கடைப்பிடிக்கும்போதுதான் பலன் கூடும்.

*1. முன்னறிவிப்பைக் கவனியுங்கள்.* புண் வருவதற்குச் சில மணி நேரம் அல்லது ஓரிரு நாள்களுக்கு முன் அந்த இடத்தில் குறுகுறுப்பு, எரிச்சல், அரிப்பு, தொடையிலோ பிட்டத்திலோ சுள்ளென்ற வலி தோன்றும். அந்த நேரம் தொடங்கி, பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் மூடும்வரை அந்த இடத்தைத் தொடும் உறவு வேண்டாம்.

*2. உதட்டுக் கொப்புளம் இருந்தால் முத்தமும் வாய்வழி உறவும் வேண்டாம்.* அது ஆறும்வரை காத்திருங்கள். இந்த ஒரு பழக்கம் மட்டுமே பிறப்புறுப்பு எச்எஸ்வி-1 பரவலில் கணிசமான பகுதியைத் தடுக்கக்கூடியது.

*3. தடுப்புத் தாள் பயன்படுத்துங்கள்.* வாய்வழி உறவுக்கு ‘டென்டல் டேம்’ எனப்படும் மெல்லிய ரப்பர் தாள் உண்டு. அது கிடைக்காவிட்டால், ஓர் ஆணுறையின் நுனியையும் அடிவளையத்தையும் வெட்டி நீக்கி, நீளவாக்கில் பிளந்து விரித்தால் அதே போன்ற தாள் கிடைக்கும். ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்த வேண்டும். ஒருமுறை பயன்படுத்தியதும் எறிந்துவிட வேண்டும். தாள் மூடாத தொடையும் பிட்டமும் பாதுகாக்கப்படா என்பதையும் நினைவில் வையுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின் போன்றவை ரப்பரைச் சிதைத்துக் கிழித்துவிடும். நீர் அல்லது சிலிக்கோன் அடிப்படையிலான வழுக்குக் களிம்பையே பயன்படுத்துங்கள்.

*4. சாதனங்களைப் பகிராதீர்கள்.* பகிர்ந்தால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும்போது புதிய ஆணுறை மாட்டுங்கள், அல்லது சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கைகளுக்கும் இதே விதிதான். விரலில் வெட்டோ நகக்கண்ணில் காயமோ இருந்தால் கையுறை நல்லது. புண்ணைத் தொட்ட கையால் கண்ணையோ, கண்ணில் அணியும் லென்சையோ தொடாதீர்கள். கண்ணில் வரும் ஹெர்ப்பிஸ் பார்வையைப் பாதிக்கக்கூடியது.

*5. தினசரி மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.* அசிக்ளோவிர், வாலசிக்ளோவிர் ஆகியவை கிருமியின் பெருக்கத்தை அடக்கும் மாத்திரைகள். 2004ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒருவருக்கு மட்டும் எச்எஸ்வி-2 இருந்த 1,484 இணையர் எட்டு மாதங்கள் கண்காணிக்கப்பட்டனர். கிருமி உள்ளவர் தினமும் 500 மில்லிகிராம் வாலசிக்ளோவிர் எடுத்த பிரிவில் 1.9 விழுக்காட்டு இணைகளுக்கும், வெறும் மாத்திரை எடுத்த பிரிவில் 3.6 விழுக்காட்டு இணைகளுக்கும் தொற்று ஏற்பட்டது. ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த ஆய்வில் பங்கேற்ற அனைவரும் ஆண்-பெண் இணையர். எனவே அதே எண்ணைப் பெண் இணையருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மருந்து செயல்படும் முறை ஒன்றுதான். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மருந்தின் அளவு மாறும் என்பதால் பிறரின் மாத்திரையை வாங்கி விழுங்கக் கூடாது.

*6. களிம்பை மட்டும் நம்பாதீர்கள்.* மருந்துக் கடையில் வாங்கும் அசிக்ளோவிர் களிம்பு பிறப்புறுப்புப் புண்ணுக்குப் பெரிய பலன் தராது. முதல் முறை புண் வந்தால் மாத்திரையே தேவை. அதையும் சீக்கிரம் தொடங்க வேண்டும்.

பரிசோதனை: எது, எப்போது?

புண் இருக்கும்போதே, முடிந்தால் வந்த இரண்டு நாள்களுக்குள், அதிலிருந்து பஞ்சுக் குச்சியால் நீர் எடுத்துச் செய்யும் பிசிஆர் பரிசோதனை மிகவும் நம்பகமானது. எந்த வகைக் கிருமி என்பதையும் அது சொல்லிவிடும். ஆறிய பிறகு போனால் அந்த வாய்ப்பு நழுவிவிடும்.

ரத்தப் பரிசோதனைக்கு எல்லைகள் உண்டு. தொற்றுக்குப் பிறகு அது தெளிவான முடிவு காட்ட 12 வாரங்கள்வரை ஆகலாம். எச்எஸ்வி-1 இருக்கிறது என்று காட்டினாலும், உதட்டிலா பிறப்புறுப்பிலா என்று சொல்லாது. தவறாக ‘உண்டு’ என்று காட்டுவதும் நேர்வதால், அறிகுறி இல்லாத எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை செய்யும்படி மருத்துவ வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை. ‘எல்லாப் பாலியல் தொற்றும் பார்த்தாயிற்று’ என்று ஒருவர் சொன்னால், அதில் ஹெர்ப்பிஸ் சேர்க்கப்படாமல் இருந்திருக்கலாம்.

இணையரில் ஒருவருக்கு இருப்பது உறுதியானால், மற்றவரும் மருத்துவரின் ஆலோசனையோடு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதில் பயன் உண்டு. இருவருக்கும் ஏற்கெனவே ஒரே வகை இருந்தால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது மீண்டும் தொற்றுவது அரிது. அப்போது ஆண்டுக்கணக்கில் அஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு எச்எஸ்வி-1 மட்டும், மற்றவருக்கு எச்எஸ்வி-2 என்றால் கவனம் தேவை. முதல் வகை இருப்பது இரண்டாம் வகையைத் தடுத்துவிடாது.

எச்எஸ்வி-2 உள்ளவர்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால், மற்றப் பாலியல் தொற்றுகளுக்கான பரிசோதனையையும் சேர்த்துச் செய்துகொள்வது நல்லது. பெண்களோடு மட்டுமே உறவு வைத்திருப்பவர்களுக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அவசியம். சிங்கப்பூரில் 25 முதல் 29 வயது வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பேப் ஸ்மியர், 30 வயதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.

சிங்கப்பூரில் எங்கே செல்லலாம்?

பாலியல் தொற்றுகளுக்கான பொது மருந்தகமான டிஎஸ்சி, கிளந்தான் லேனில் உள்ளது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய பகுதி அது. ஜாலான் புசார், ரோச்சோர் ரயில் நிலையங்களிலிருந்து நடந்தே போகலாம். தேசியத் தோல் நிலையத்தின் கீழ் அது இயங்குகிறது. பழைய தலைமுறைக்கு ‘அந்த மாதிரி’ நோய் என்றாலே மிடில் ரோடு மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். 1988ல் தேசியத் தோல் நிலையம் தொடங்கப்பட்டபோது அதன் பணிகள் அங்கு மாறின.

தேக்காவுக்கு இவ்வளவு அருகில் இருப்பதே சிலருக்குத் தயக்கம் தரும். ஞாயிறு சந்தைக்கு வந்த சொந்தக்காரர் கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் உண்மையானது. அப்படித் தயங்குபவர்கள் வீட்டருகிலுள்ள பலதுறை மருந்தகத்துக்கோ, தொலைவிலுள்ள ஒரு தனியார் மருந்தகத்துக்கோ, நொவீனா வட்டாரத்தில் மண்டலே சாலையில் உள்ள தேசியத் தோல் நிலையத்துக்கோ போகலாம். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை அடுத்துள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குப் பெண்கள் பல காரணங்களுக்காகச் செல்வதால் அங்கு போவதை யாரும் வேறு மாதிரி பார்க்க மாட்டார்கள். எங்கு சென்றாலும், போகும் முன் நேரத்தையும் கட்டணத்தையும் பரிந்துரைக் கடிதம் தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் ‘என் இணை ஒரு பெண்’ என்று சொல்வது உதவும். எந்த இடத்தில் பஞ்சுக் குச்சி வைத்துப் பார்ப்பது, எந்த ஆலோசனை பொருந்தும் என்பதை அது தீர்மானிக்கிறது. சட்டத்தை நினைத்து அஞ்ச வேண்டாம். 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்க முடிவெடுத்த 377ஏ பிரிவு ஆண்களுக்கிடையிலான உறவைப் பற்றியது மட்டுமே. நோயாளியின் தகவலைக் காப்பது மருத்துவரின் கடமை.

இல்லப் பணிப்பெண்களாக வேலை செய்யும் சகோதரிகளுக்கும் ஒரு விளக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கட்டாய மருத்துவப் பரிசோதனை கர்ப்பம், சிபிலிஸ், எச்ஐவி, காசநோய் ஆகியவற்றுக்கானது. ஹெர்ப்பிஸ் அதில் இல்லை. எனவே அந்தப் பரிசோதனையை எண்ணி புண்ணை மறைக்கவும் வேண்டாம், அதில் தேறியதால் ஹெர்ப்பிஸ் இல்லை என்று முடிவு செய்யவும் வேண்டாம்.

மனம்விட்டுப் பேச ஆள் தேவைப்பட்டால், 1999 முதல் இயங்கும் ஊகாசாகா அமைப்பு தன்பாலின ஈர்ப்புள்ளவர்களுக்கு ஆலோசனை வழங்குகிறது. 2006ல் தொடங்கிய சயோனி அமைப்பு தன்பாலின ஈர்ப்புள்ள பெண்களுக்காகவே செயல்படுகிறது.

கர்ப்பம் என்றால்

இணையரில் ஒருவர் கர்ப்பமாக இருந்தால் மருத்துவரிடம் ஹெர்ப்பிஸ் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்பே தொற்று இருந்த தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குச் செல்லும் வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்று ஏற்பட்டால் அது 30 முதல் 50 விழுக்காடு வரை உயரும். சிசுவுக்கு அது உயிராபத்து. எனவே தொற்று இல்லாத கர்ப்பிணியின் இணைக்கு உதட்டிலோ பிறப்புறுப்பிலோ ஹெர்ப்பிஸ் இருந்தால், கடைசி மூன்று மாதங்களில் வாய்வழி உறவையும் பிறப்புறுப்பு உரசலையும் தவிர்ப்பது பாதுகாப்பானது. உதட்டில் கொப்புளம் உள்ள எவரும் பச்சிளங்குழந்தையை முத்தமிடக் கூடாது, பாட்டியே ஆனாலும்.

எப்படிச் சொல்வது?

உறவுக்கு முன், இருவரும் நிதானமாக இருக்கும் வேளையில், சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. “எனக்கு ஹெர்ப்பிஸ் இருக்கு. மாத்திரை எடுத்துக்கிறேன். புண் வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லிடுவேன். நீயும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு யோசிச்சு முடிவு பண்ணு.” இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்கும் தொனி தேவையில்லை. கேட்பவரும் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிவிட்டால், எந்த நாளில் தள்ளியிருப்பது, எப்போது தாள் பயன்படுத்துவது, மாத்திரை வேண்டுமா என்பதையெல்லாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். கவனிக்கும் பொறுப்பு ஒருவர் தலையில் மட்டும் விழாது.

புதிதாகப் புண் தெரிந்தால் ஆறட்டும் என்று காத்திருக்காமல் அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள். கடும் தலைவலியோடு கழுத்து இறுக்கம், சிறுநீர் கழிக்க முடியாமை, கண்ணில் வலியும் சிவப்பும் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.